காலி அட்டை

ஜூன் 3, திங்கள்

நாய் டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

"எழுதத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். அஞ்சாவது வரைக்கும் படித்தேன், தப்புத் தப்பாக வரும் என்றேன். "என் கையெழுத்தைப் படிக்க முடியாம மருந்துக்கடைக்காரரே திட்டறார். நீங்க தைரியமா எழுதுங்க" என்றார்.

தினமும் எழுத வேண்டியது: என்ன தின்றது. வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூணு காலில் எத்தனை தடவை ஓடியது. எங்கே வழுக்கியது. வெளிக்கு எப்படிப் போனது. பதினைஞ்சு நாளைக்கு ஒருதரம் நாயையும் நோட்டையும் கொண்டுபோக வேண்டும்.

இன்றைக்கு: பால் சோறு தின்றது. தின்றதைக் கக்கியது. கக்கியதைத் திரும்பத் தின்றது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். தூக்கியது எண்ணவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

தூக்கியது பத்து. வழுக்கியது எண்ண முடியாது. இந்த வீட்டு டைல்ஸில் அது நடக்கவில்லை, நீந்துகிறது. நாலு காலும் நாலு பக்கம் போகிறது.

எனக்கு நாற்றம் புதுசு இல்லை. இருபத்திரண்டு வருசமாகக் கோழிப்பண்ணை வேலை. கோழிப் பீயில் நின்றுகொண்டே சோறு தின்றிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குள் நாய் மூத்திரம் என்றால் சேலையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் துடைக்கிறேன். பினாயில் போட்டால் அந்த இடத்தையே தேடிப் போய் மறுபடி பெய்கிறது. கருமம்.

ஜூன் 5, புதன்

தூக்கியது பத்து. பேதி இரண்டு தடவை. பாலை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். குட்டித் தீனி அரை டம்ளர் காலையில், அரை டம்ளர் சாயங்காலம். வெந்நீரில் ஊறவைத்தால் பண்ணைத் தீவனத்தின் வாடையேதான்.

நோட்டைப் படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதிவைக்கிறேன். இது என் நாய் இல்லை. என் மகள் கௌசிகா கேட்ட நாய். வெள்ளைப் பொமரேனியன். அவள் உயிரோடு இருக்கும்போதே குட்டி விற்கிறவரிடம் சொல்லிவைத்துவிட்டாள். சித்திரையில் அந்த ஆள் போன் பண்ணி, குட்டி தயார் என்றாராம். மருமகன் வாங்கிக்கொண்டு வந்து இங்கே விட்டுவிட்டார். அவர் இருக்கும் வாடகை வீட்டில் நாய் கூடாதாம்.

கௌசிகா மாசி மாசம் பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளையும் போயிற்று. அதைப் பற்றி இதில் எழுத ஒன்றும் இல்லை. இது நாய் நோட்டு.

ஜூன் 6, வியாழன்

டாக்டரம்மா சொன்னதை மறப்பதற்குள் எழுதுகிறேன். முட்டியில் ஒரு சில்லு இருக்கிறதாம். அது ஒரு பள்ளத்துக்குள் மேலும் கீழும் ஓட வேண்டும். இதற்குப் பள்ளம் ஆழமில்லை. சில்லு உள்பக்கமாக நழுவிவிடுகிறது. நழுவினால் கால் மடங்கிக்கொள்ளும், பிறகு தானாக உட்காரும். சின்ன ரக நாய்களுக்கு இது வருமாம். முன்னங்கால் இரண்டும் லேசாக வெளியே வளைகிறது. விற்றவன் கம்பிக் கூண்டில் போட்டு வளர்த்திருப்பான் என்றார்.

"இப்ப மூணரை மாசம். எலும்பு வளர்ற வரைக்கும்தான் நமக்கு நேரம். ஏழெட்டு மாசத்துல முத்திடும். அதுக்குள்ள திருப்பிடலாம். முடியலேன்னா அறுத்துத்தான் சரி பண்ணணும்."

கத்தி வைக்கிற பேச்சே எனக்கு ஆகாது. அது வேண்டாம், வேறு என்ன செய்ய வேண்டுமோ செய்கிறேன் என்றேன். வழுக்காத தரை, படி ஏறக்கூடாது, கட்டிலில் இருந்து குதிக்கக்கூடாது, கயிறு கட்டி மெதுவாக நடத்த வேண்டும், காலை மடக்கி நீட்டிவிட வேண்டும். "இந்தத் தீனி மட்டும் போதும். வேற எதுவும் வேண்டாம். எதுவும்னா எதுவும்" என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

வெளியே வரும்போது சீட்டு எழுதுகிற பெண் கத்தியது, "ஜிலேபி யாரு? ஜிலேபி!" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு வயசில் ஜிலேபி என்று கூப்பிட்டதற்கு எழுந்து நின்றேன். பேர் வைத்ததும் கௌசிகாதான்.

ஜூன் 8, சனி

தரை முழுக்கச் சணல் சாக்கு விரித்தேன். கடலை மண்டியில் வாங்கியது. வீடு குடோன் மாதிரி ஆகிவிட்டது. கௌசிகா வளைகாப்புக்காகப் போட்ட டைல்ஸ். முகம் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் வைக்கக் கூசிக்கொண்டு நின்றார்கள். இப்போது அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் நாய், நாய்க்குக் கீழே மூத்திரம்.

தூக்கியது ஒன்பது. வழுக்கியது சமையல்கட்டில் ஒன்று.

ஜூன் 9, ஞாயிறு

மருமகன் லோகநாதன் வந்தார். லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறார். நகக்கண்ணில் பச்சை பெயிண்ட். கையில் மாதுளம்பழப் பை. வாராவாரம் மாதுளை. நான் கேட்டேனா?

"சாப்புடுங்க அத்தை. ரத்தம் ஊறும்."

"எனக்கெதுக்கு மாப்ள ரத்தம்."

சாக்கில் உட்கார்ந்து நாயின் காலை மடக்கி நீட்டினார். டாக்டரம்மா காட்டியதை நான் சொல்லச் சொல்ல அப்படியே செய்தார். அந்தக் கருமமும் அவர் மடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. திடீரென்று, "அவளுக்கு ரத்தம் கம்மின்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

உலை பார்க்க வேண்டும் என்று எழுந்து உள்ளே போனேன்.

உலை வைக்கவே இல்லை.

தூக்கியது எட்டு.

ஜூன் 11, செவ்வாய்

இன்றைக்குப் பண்ணையில் ஏழு கோழி கால் விழுந்துவிட்டது. கூண்டுக்குள் உட்கார்ந்தால் எழுந்திரிக்காது. பக்கத்துக் கோழி மிதித்துக் கொத்தும். கண் மட்டும் உருட்டி உருட்டிப் பார்க்கும். ரொம்ப முற்றினதைக் கழுத்தைத் திருகிப் போடுவது என் வேலை. மற்றதற்கு சூப்பர்வைசர், "பாவாயிக்கா, கிளிஞ்சலைக் கூட்டிப் போடுங்க" என்றான். கால் விழுந்தால் கிளிஞ்சல். முட்டை ஓடு மெலிந்தால் கிளிஞ்சல். சுண்ணாம்புச் சத்து ஏறினால் கோழி நாலே நாளில் எழுந்து நிற்கும். இது பண்ணையில் பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரியும்.

அவ்வளவு படித்த டாக்டரம்மா ஒரு சுண்ணாம்புச் சத்து எழுதிக் கொடுக்கவில்லை. தூக்கியது எட்டு.

ஜூன் 12, புதன்

அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தேன். நாலு மாசத் தூசி. பழைய சத்துமாவு டப்பா கையில் பட்டது.

தீனி அரை, அரை. தூக்கியது எட்டு. வேறு எதுவும் கொடுக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

தீனி அரை, அரை. தூக்கியது ஏழு. வேறு எதுவும் கொடுக்கவில்லை.

ஜூன் 15, சனி

தூக்கியது ஆறு. வெளிக்கு இறுகலாகப் போனது, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுப்பாக. முக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்க்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் என் தலையெழுத்து. வேறு எதுவும் கொடுக்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

டாக்டரம்மா முட்டியைத் தடவிப் பார்த்து, "பரவால்லையே, பத்து ஆறாயிடுச்சே" என்றார். சாக்கு விரித்ததைக் கேட்டு ரொம்பச் சந்தோசம். எனக்குத் தெரியும் எதனால் என்று. சொல்லவில்லை.

பக்கத்தில் காரில் வந்த ஒரு அம்மா. மடியில் மூக்கு சப்பை நாய். என் நாயைப் பார்த்துவிட்டு, "இது என்ன லைனுங்க, எந்த வம்சம்?" என்று கேட்டார்.

"கோழிப்பண்ணை லைனுங்க" என்றேன்.

அந்த அம்மா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஜூன் 20, வியாழன்

தூக்கியது ஏழு. வேறு எதுவும் கொடுக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

தூக்கியது ஒன்பது. எதற்குக் கூடுகிறது? போதவில்லையோ என்னவோ. பண்ணையில் முதல் தடவை போட்டதற்குக் கேட்காவிட்டால் கிளிஞ்சலை இரட்டிப்பாகப் போடுவோம்.

வேறு எதுவும் கொடுக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

மருமகன். மாதுளை. போன வாரத்துப் பழங்கள் கொல்லைச் சாக்கடை ஓரம் கறுத்து, எறும்பு மொய்த்துக் கிடந்தன. கை கழுவப் போனவர் பார்த்துவிட்டார். இந்த வாரப் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த அடக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாலு வார்த்தை திட்டினால்தான் என்ன?

"அம்மா பொண்ணு பாக்கறேங்குது அத்தை. நான் வேண்டான்னுட்டேன்."

"ஏனுங்க மாப்ள? வயசு கெடக்குது."

"கட்டுனவளுக்கு ஒழுங்கா சோறு போட்டு வெச்சுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குங்க இன்னொருத்தி."

அது என் வார்த்தை. பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது நான் சொன்னது. ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறார். அன்றைக்கு இலையை மூடிவிட்டு எழுந்து போனவர். அவருடைய அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுதது.

தூக்கியது பதினொன்று. மூணு நாளாகச் சரியாக வெளிக்குப் போகவில்லை. வேறு எதுவும் கொடுக்கவில்லை.

ஜூன் 26, புதன்

நாய் எழுந்திரிக்கவில்லை. முன்னங்கால் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டது. கால் இரண்டும் அரிவாள் மாதிரி வெளியே வளைகிறது. பெய்த இடத்திலேயே படுத்துக் கிடந்தது. வெள்ளை மயிரெல்லாம் மஞ்சள், ஈ வேறு. வெந்நீர் வைத்துத் துடைத்தேன். வலியில் கடிக்கும் என்று நினைத்தேன். என் கையை நக்கியது. சோப்புப் போட்டு மூணு தடவை கழுவியும் அந்த நாக்கு கையை விட்டுப் போகவில்லை.

கோழி என்றால் இந்நேரம் கழுத்தைத் திருகியிருப்பேன்.

ஜூன் 29, சனி

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 1, திங்கள்

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். எலும்பின் நுனியில் வளர்கிற இடம் கெட்டுப்போயிருக்கிறதாம். பதினைஞ்சு நாளில் இப்படி ஆக நியாயமில்லையாம்.

"வேற என்னம்மா கொடுக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். விரலை ஒரு இடத்தில் வைத்தார்.

"பன்னெண்டாம் தேதியிலேர்ந்து 'வேறு எதுவும் கொடுக்கவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு முந்தி எழுதலையே?"

நாயை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"எழுத வேண்டியதுன்னு நான் சொன்னதுல அது இல்லையேம்மா. கேக்காததுக்கு எதுக்குப் பதில் எழுதினீங்க?"

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. அதான் எழுதினேன்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "பாவாயிம்மா, நீங்க எதையோ அதிகமாக் கொடுத்து இப்படி ஆயிருந்தா, நிறுத்தினாப் போதும், காப்பாத்தலாம். நீங்க நிஜமாவே கொடுக்கலேன்னா இது வேற சீக்கு. நான் வேற மருந்து ஆரம்பிக்கணும். நீங்க சொல்றதை நம்பித்தான் நான் ஊசி போட முடியும். தப்பாப் போட்டா இந்த ஒன்றரைக் கிலோ தாங்காது. யோசிச்சு வியாழக்கிழமை வாங்க."

பஸ்ஸில் நாய் என் மடியில் பெய்தது. துடைக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பண்ணைக்குப் போகவில்லை. காலையில் இருந்து இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

கொடுத்தேன். ஜூன் பன்னிரண்டில் இருந்து தினம் ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரை. வெள்ளை மாத்திரை. கரண்டியால் பொடித்துத் தீனியில் கலந்தேன். இருபத்தொன்றில் இருந்து இரண்டு. நேற்று முந்தின நாள் வரைக்கும். கோழிக்கு ஆகிறது நாய்க்கும் ஆகும் என்று நினைத்தேன்.

அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மா கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் அதையும் எழுதுகிறேன்.

அது கௌசிகாவின் மாத்திரை. சர்க்கார் ஆஸ்பத்திரி நர்சம்மா மாசாமாசம் கொடுத்தது. வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. சிவப்பு ரத்தத்துக்கு. மாமியார் வீட்டில் இருந்த வரைக்கும் அவள் ஒழுங்காகத் தின்றாள். அவள் மாமியார் தண்ணியும் கையுமாக நின்று விழுங்க வைத்துவிட்டுத்தான் நகருமாம். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து நான் கூட்டிக்கொண்டு வரும்போது ரத்தம் பத்தரை இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது.

இங்கே வந்த மறுநாளே நான் நிறுத்தினேன். அந்த மாத்திரை தின்றால் பிள்ளை வயிற்றில் பெருத்துவிடும், வெளியே வராது, அறுத்துத்தான் எடுப்பார்கள் என்று எங்கள் பண்ணை ஷெட்டில் எல்லாரும் சொல்வார்கள். என்னை அறுத்துத்தான் கௌசிகாவை எடுத்தார்கள். ஆறு மாசம் நிமிர முடியாமல், புருசனும் இல்லாமல், தையல் பிரிந்து சீழ் வைத்து நான் பட்டது எனக்குத் தெரியும். என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று நினைத்தேன். சிவப்பு மாத்திரை அவளுக்கும் குமட்டும். வேண்டாம் என்றதும், "அப்பாடா" என்றாள்.

நர்சம்மா வாய்வார்த்தையை நம்பாது. காலி மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லும். அதனால் தினமும் காலையில் அட்டையில் இருந்து இரண்டு மாத்திரையையும் பிதுக்கி அந்தச் சத்துமாவு டப்பாவில் போட்டுவிட்டு, அட்டையை எடுத்து வைத்துக்கொள்வேன். கௌசிகா பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள். "உனக்குப் போலீஸ் வேலை கெடைச்சிருந்தா ஊரு உருப்பட்டிருக்குமாம்மா?" என்பாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

எட்டாம் மாசக் கடைசியில் ரத்தம் எட்டுக்கு இறங்கிவிட்டது. நர்சம்மா குழம்பிப்போயிற்று. "அட்டையெல்லாம் காலியா இருக்குது, மாத்திரை தின்னும் ஏற மாட்டேங்குதே, அப்ப உள்ள வேற ஏதாவது சீக்கு இருக்கும்" என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட் என்று மூணு வாரம் அலைய வைத்தது. இல்லாத சீக்கைத் தேடினார்கள். நானும் கூடவே போய் வரிசையில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் வலி வந்துவிட்டது.

பிரசவ வார்டில் ரத்தம் நிற்கவில்லை. இளசாக ஒரு டாக்டர் வெளியே ஓடிவந்து, "மாத்திரை சாப்பிட்டாங்களா இல்லையா?" என்று கத்தினார். என் மடியில் இருந்த பையைத் திறந்து காலி அட்டைகளை எடுத்து நீட்டினேன். அப்போதும் நீட்டினேன். இந்தக் கைதான்.

பிறகு எல்லாரும் மருமகன் வீட்டைப் பார்த்தார்கள். பட்டினி போட்டார்களோ, வேலை வாங்கினார்களோ என்று. நானும் பார்த்தேன். பார்த்தது மட்டும் இல்லை. பந்தியில் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன்.

நாய் கக்கினதைத் தின்றதற்குத் தலையைத் திருப்பிக்கொண்டேன் என்று எழுதினேன். முதல் பக்கத்தைப் படித்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஜூலை 4, வியாழன்

நோட்டையும் டப்பாவையும் மேஜையில் வைத்தேன். டாக்டரம்மா முழுசும் படித்தார். நான் நாயின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டப்பாவைத் திறந்தார். வெள்ளை பாதிதான் இருந்தது. சிவப்பு எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, கட்டியாகக் கிடந்தது.

"இந்தச் சிவப்பைக் கொடுத்தீங்களா?"

"இல்லீங்க. அதைத் தொடல."

"நல்லவேளை. இதைக் கொடுத்திருந்தா நாய் செத்திருக்கும்."

சிவப்பைத் தின்றிருந்தால் கௌசிகா பிழைத்திருப்பாள். தின்றிருந்தால் இது செத்திருக்கும். நான் இரண்டு பேருக்கும் கொடுக்கவில்லை.

வேறு ஊசி எதுவும் போடவில்லை. முன்னங்கால் இரண்டுக்கும் பஞ்சு வைத்து, தப்பை வைத்துக் கட்டினார். வாரம் ஒருதரம் மாற்ற வேண்டும். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் சின்ன இடத்தில் அடைத்து வைக்க வேண்டும். குட்டியாக இருப்பதால் எலும்பு திரும்ப வழி இருக்கிறது, ஆனால் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். கிளம்பும்போது, "அந்தப் பையனுக்குத் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

மருமகன் வந்தார். கட்டைப் பார்த்துப் பதறினார். "என்னாச்சுங்க அத்தை?"

"சத்து அதிகமாயிடுச்சாம்."

மாதுளையை ஆணியில் மாட்டினார். டீ குடித்தார். போனார். நான் சொல்லவில்லை. அவர் போன பிறகு ஒரு பழத்தை உடைத்தேன். முத்து முத்தாகச் சிவப்பு. வாய் வரைக்கும் கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

வெளிக்கு ஒழுங்காகப் போனது. கட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன், சூடு குறைந்திருக்கிறது. ஷெட்டில் கூட வேலை செய்கிற பூங்கொடி தன் மருமகளுக்கு அஞ்சாம் மாசம் என்றாள். "சத்து மாத்திரையெல்லாம் தின்ன விடாதே பூவு, புள்ள பெருத்துக்கும்" என்று எவளோ சொன்னாள். பூங்கொடி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் தீவன வாளியைக் கீழே வைத்தேன்.

"தின்னச் சொல்லு" என்றேன். "நீ பக்கத்துல நின்னு, வாயைத் தெறக்கச் சொல்லிப் பாரு."

என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தார். மாதுளை. சாக்கில் உட்கார்ந்து நாயை மடியில் எடுத்தார். நான் நோட்டை ஜூலை இரண்டாம் தேதிப் பக்கத்தில் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதைப் படிங்க மாப்ள."

"நாய்க்கு எழுதுறதுங்களா?"

"ஆமா. படிங்க."

அவர் படிக்கும்போது எதிரே உட்கார்ந்திருந்தேன். உலை பார்க்கப் போகவில்லை. என் எழுத்து கோணல்மாணல். சில இடத்தில் விரல் வைத்துக் கூட்டிப் படித்தார். பாதியில் விரல் நின்றுவிட்டது. அப்புறம் போயிற்று. கடைசி வரி வந்ததும் மறுபடி மேலே போய்த் திரும்பப் படித்தார். நாய் அவர் பெயிண்ட் நகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"வேண்டான்னு சொன்னது அவளா, நீங்களா?"

அவளுக்குக் குமட்டும் என்பதை எழுதியிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொள்ள ஒரு நொடி வாய் வந்தது. செத்தவள் வந்து இல்லை என்று சொல்ல மாட்டாள்.

"நான்தானுங்க."

நாயை மடியில் இருந்து தூக்கிச் சாக்கின் மேல், கால் அலுங்காமல் வைத்தார். எழுந்தார்.

"எங்கம்மா அஞ்சு மாசமா வெளிய தலை காட்டல" என்றார். "நான் பட்டறைல எவன்கூடவும் உக்காந்து சாப்படல."

அத்தை என்று சொல்லவில்லை. செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. மாதுளைப் பை ஆணியிலேயே தொங்கியது.

தூக்கியது: கட்டு இருப்பதால் எண்ணவில்லை.

ஜூலை 15, திங்கள்

பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு அவர் அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று சொன்னேன். கதவுக்கு உள்ளே நின்றே கேட்டது. கேட்டுவிட்டு, "தெருவுல நாலு பேரு இருக்கறப்ப வந்து சொல்லுங்க" என்றது. தெருவில் குழாயடியில் ஆறேழு பேர் இருந்தார்கள். அங்கே போய் நின்று இன்னொரு தடவை சொன்னேன். ஒரு கிழவி என் காலடியில் காறித் துப்பியது. சரிதான்.

ஜூலை 21, ஞாயிறு

வரவில்லை.

ஜூலை 22, திங்கள்

கட்டைப் பிரித்தார்கள். முன்னங்கால் முக்கால்வாசி திரும்பிவிட்டது. நூல் பிடித்த மாதிரி ஆகாது, ஆனால் அறுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டரம்மா. பின்னங்கால் சில்லுக்குத் தொடையில் சதை ஏற வேண்டும். மேட்டில் மெதுவாக ஏற்றி நடத்தச் சொன்னார். பக்கத்தில் கோயில் மேடு இருக்கிறது. காலையில் பத்து நிமிசம், சாயங்காலம் பத்து நிமிசம். போகிற வழியெல்லாம் எவன் மோந்து பார்த்த கல்லையும் விடாமல் இதுவும் மோந்து பார்க்கிறது. பீடை.

தூக்கியது ஏழு.

ஜூலை 28, ஞாயிறு

தூக்கியது நாலு. வரவில்லை.

நாய் காலையில் இருந்து வாசற்படிக்கு நேராகப் படுத்துக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்கும் போதெல்லாம் தலையைத் தூக்கியது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்தினேன். அது கதவுக்கு அடியில் மூக்கை வைத்துக்கொண்டது. திறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மேட்டில் ஏறி இறங்கினோம். கீழே வரும்போது அவர் வண்டி வாசலில் நின்றது.

உள்ளே வரவில்லை. நாய்தான் அவரைப் பார்த்துக் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது. சாக்கு இல்லாத வெறும் மண்ணில், நாலு காலும் தரையில் பட ஓடியது. ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து வலது காலைப் பிடித்து, முட்டியைத் தடவிப் பார்த்தார்.

"சில்லு நிக்குது" என்றார். என்னிடமா, நாயிடமா தெரியவில்லை.

"தொடையில சதை ஏறணுமாம்" என்றேன்.

தலையாட்டினார். கொஞ்ச நேரம் காலை மடக்கி நீட்டிவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நகத்தில் இந்த வாரம் நீல பெயிண்ட். வண்டியை எடுக்கும்போது, "அடுத்த வாரம் கயிறு புதுசு வாங்கியாறேன், இது அறுக்குது" என்று நாயைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வெறுங்கையோடு வந்திருந்தார். வண்டி ஹேண்டிலிலும் பை இல்லை.

தூக்கியது: மேட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று. வழுக்கியது: இல்லை. தீனி அரை, அரை. ஆணியில் பழைய பையில் இருந்த கடைசி மாதுளை ஒரு பக்கம் அழுகியிருந்தது. அழுகினதை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தை நான் தின்றேன்.